குளிர் வண்டியும் நம் கூடையும்

(திருவனந்தபுரம் சாலையில், தமிழ் எழுத்தறிவு வகுப்பினர் கூடிய மாலைக் கூட்டத்தில் ஒரு தொண்டர் பேசியது)

 

கடையைக் கட்டிவிட்டு, சுமையை இறக்கிவிட்டு, களைப்போடு வந்திருக்கிறீர்கள். அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். இந்தச் சாலையிலேயே வளர்ந்தவள். படித்துத் தெரிந்துகொண்டதையும், பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். நடுவில் சந்தேகம் வந்தால் கையைத் தூக்குங்கள். நிறுத்தி, பதில் சொல்லிவிட்டு மேலே போவோம்.

இன்று நாம் குளிரைப் பற்றிப் பேசப் போகிறோம். மீனுக்கு வேண்டிய குளிர். தக்காளிக்கு வேண்டிய குளிர். பாலுக்கும் பூவுக்கும் மருந்துக்கும் வேண்டிய குளிர். அந்தக் குளிரை ஊர் விட்டு ஊர் கொண்டுவரும் வண்டிகள் மாறப் போகின்றன. அரசு அதற்குச் சட்டமும் திட்டமும் போடுகிறது. அந்தத் திட்டத்தில் நமக்கு இடம் உண்டா? இதுதான் இன்றைய கேள்வி.

சாலைக்கு வரும் சரக்கு

நம் சாலைக் கடைத்தெருவுக்கு வயது இருநூறுக்கு மேல். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதை அமைத்தார். கிழக்கே கோட்டையில் தொடங்கி, கிள்ளிப்பாலம் வரை நீளுகிறது. அன்று மாட்டு வண்டியில் சரக்கு வந்தது. இன்று லாரியில் வருகிறது.

எங்கிருந்து வருகிறது? ஒட்டன்சத்திரத்திலிருந்து தக்காளியும் முருங்கையும் வருகின்றன. பாவூர்சத்திரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் காய்கறி வருகிறது. தோவாளையிலிருந்து பிச்சியும் மல்லிகையும் வருகின்றன. விழிஞ்ஞத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் நகரத்துச் சந்தைகளுக்கு மீன் வருகிறது.

தோவாளை சுமார் 80 கிலோமீட்டர். ஒட்டன்சத்திரம் 300 கிலோமீட்டருக்கும் மேல். ஏற்றும்போது சரக்கு நன்றாக இருக்கிறது. இறக்கும்போது அடிக்கூடை கசிகிறது. ஏன்?

பறித்த பிறகும் காய் மூச்சு விடுகிறது. மூச்சு விட்டால் சூடு உண்டாகும். கொத்தமல்லிக் கட்டை இறுக்கிக் கட்டி, சாக்குக்குள் வைத்துவிட்டு, மறுநாள் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். அது வெளியிலிருந்து வந்த சூடு அல்ல. இலை தானே உண்டாக்கிய சூடு. சூடு ஏற ஏறக் காய் வேகமாக மூச்சு விடும். வேகமாக வாடும். பிறகு அழுகும்.

மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று 2015-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. விளைந்த தக்காளியில் 100 கிலோவுக்கு 12 கிலோவுக்கு மேல் வீணாகிறது. கொய்யாவில் 100 கிலோவுக்குச் சுமார் 16 கிலோ வீணாகிறது. இது உழவரின் உழைப்பு. லாரிக்காரரின் டீசல். சுமட்டுக்காரரின் முதுகு வலி. எல்லாம் சேர்ந்து குப்பைக்குப் போகிறது.

ஐஸ் வந்த கதை

நம் நாட்டில் ஐஸ் தொழிற்சாலை வருவதற்கு முன், ஐஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவிலிருந்து! குளிர்காலத்தில் அங்கே ஏரிகள் உறையும். அதை அறுத்துக் கட்டிகளாக எடுப்பார்கள். கப்பலில் ஏற்றுவார்கள். 1833-ல் முதல் கப்பல் கல்கத்தா வந்தது. நான்கு மாதப் பயணம். கிளம்பும்போது 180 டன். வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. பிறகு சென்னைக்கும் ஐஸ் வந்தது. அதைச் சேமித்து வைக்கக் கடற்கரையில் 1842-ல் ஒரு கட்டடம் கட்டினார்கள். அந்தப் பகுதிக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் இன்றும் நிற்கிறது.

மோட்டார் இல்லை. மின்சாரம் இல்லை. நான்கு மாதம் வெப்பக் கடலில் வந்த ஐஸ் எப்படிப் பிழைத்தது? மரத்தூளும் வைக்கோலும் வைத்து, காற்றுப் புகாமல் மூடினார்கள். அவ்வளவுதான். இந்தப் பாடத்தை நினைவில் வையுங்கள். குளிரை உண்டாக்குவது ஒரு வேலை. உண்டான குளிரை வெளியே விடாமல் காப்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலைக்குச் செலவு குறைவு.

லாரிக்குக் குளிர் இயந்திரம் செய்தவர் யார்? பிரெடரிக் ஜோன்ஸ் என்ற கறுப்பின அமெரிக்கர். 1893-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே பள்ளியை விட்டுவிட்டார். மோட்டார் பட்டறையில் வேலை கற்றார். புத்தகம் வாங்கித் தானாகவே படித்தார். 1930-களின் கடைசியில் லாரியின் மேல் பொருத்தும் குளிர் இயந்திரத்தை உருவாக்கினார். குலுங்கும் சாலையிலும் அது நிற்காமல் ஓடியது. இரண்டாம் உலகப் போரில் மருந்தும் இரத்தமும் கெடாமல் கொண்டுபோக அவருடைய இயந்திரங்கள் உதவின. அவர் 1961-ல் இறந்தார். 1991-ல் அமெரிக்க அரசு அவர் பெயருக்குத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கொடுத்தது. வயதான பிறகு படித்து என்ன ஆகப் போகிறது என்று யாராவது உங்களிடம் கேட்டால், இவர் கதையைச் சொல்லுங்கள்.

வண்டி எப்படிக் குளிர்கிறது?

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகிறது. ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. குளிர் இயந்திரத்திலும் இதே வேலைதான் நடக்கிறது. ஆனால் தண்ணீருக்குப் பதில் ஒரு வாயு. நம் மெக்கானிக் அதை 'கேஸ்' என்பார். அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. பெட்டிக்குள் ஆவியாகிச் சூட்டை எடுக்கும். வெளியே வந்து சூட்டைக் கொட்டும். மறுபடியும் திரவமாகி உள்ளே போகும். அதைச் சுற்றவைக்க ஒரு கம்பரசர் வேண்டும். கம்பரசர் ஓட ஒரு மோட்டார் வேண்டும்.

சின்ன வேனில், வண்டியின் எஞ்சினே கம்பரசரை ஓட்டும். பெரிய லாரியில் குளிருக்கென்று தனியாக ஒரு டீசல் எஞ்சின் இருக்கும். லாரி நின்றாலும் அது நிற்காது. ராத்திரி முழுக்க உறுமிக்கொண்டே இருக்கும்.

எல்லாப் பொருளுக்கும் ஒரே குளிர் போதாது. மீனுக்கு 0 டிகிரி. பாலுக்கு 4 டிகிரி. ஐஸ்கிரீமுக்கு 0-க்குக் கீழே 18 டிகிரி. பெரும்பாலான தடுப்பு மருந்துகளுக்கு 2 முதல் 8 டிகிரி. வாழைக்காய்க்குச் சுமார் 13 டிகிரி. அதற்கும் கீழே போனால் வாழையின் தோல் கறுத்துவிடும். அதனால்தான் வாழைப்பழத்தைப் பிரிட்ஜில் வைக்க வேண்டாம் என்கிறோம்.

புகை எங்கே இருக்கிறது?

குளிர் வண்டி நல்லதுதான். உணவைக் காக்கிறது. ஆனால் அது பூமியைச் சூடாக்குகிறது. எப்படி? மூன்று வழியில்.

ஒன்று, வண்டி ஓடும் டீசல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.6 கிலோ கரியமில வாயு உண்டாகும். லிட்டர் டீசலின் எடை ஒரு கிலோகூட இல்லையே, எப்படி 2.6 கிலோ ஆகும் என்று கேட்கலாம். எரியும்போது டீசலில் உள்ள கரி, காற்றில் உள்ள பிராணவாயுவோடு சேர்கிறது. அதனால் எடை கூடுகிறது.

இரண்டு, குளிருக்காக எரியும் டீசல்.

மூன்று, கேஸ் கசிவு. இது கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கும் தெரியாது. குளிர் லாரிகளில் பல காலமாகப் போட்டு வந்த ஒரு கேஸின் பெயர் ஆர்-404ஏ. அது ஒரு கிலோ கசிந்தால், சுமார் 3,900 கிலோ கரியமில வாயு விட்டதற்குச் சமம். கணக்குப் போடுவோம். 3,900-ஐ 2.6-ஆல் வகுத்தால் 1,500. ஒரு கிலோ கேஸ் கசிவதும், 1,500 லிட்டர் டீசல் எரிப்பதும் பூமிக்கு ஒன்றுதான்!

இதையும் கேளுங்கள். குளிர் இல்லாமல் அழுகிப்போகும் காய்க்கும் புகைக் கணக்கு உண்டு. அதை விளைவிக்க உரம் போட்டோம். தண்ணீர் இறைத்தோம். லாரியில் கொண்டுவந்தோம். அத்தனையும் வீண். ஆகையால் குளிர் வேண்டாம் என்பது பதில் அல்ல. புகை குறைந்த குளிர் வேண்டும் என்பதே பதில்.

பூமி சூடானால் நமக்கு என்ன? 2017-ன் ஒக்கிப் புயலை நாம் மறக்கவில்லை. பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் கன்னியாகுமரிக் கடற்கரையிலும் எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது! அரபிக்கடல் சூடாகிறது, அதனால் புயல்கள் வலுக்கின்றன என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். வெயில் கூடினால் மீனும் காயும் இன்னும் சீக்கிரம் கெடும். இன்னும் அதிகக் குளிர் தேவைப்படும். அதற்கு இன்னும் அதிக டீசல். இந்தச் சுழலை வெட்ட வேண்டும்.

உலகம் என்ன முடிவு செய்தது?

வானத்தில் உயரத்தில் ஓசோன் என்ற ஒரு படலம் இருக்கிறது. குடை மாதிரி நம்மைக் காக்கிறது. பழைய குளிர் கேஸ்கள் அந்தக் குடையை அரித்தன. 1987-ல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன. பிறகு உலகின் எல்லா நாடுகளும் அதில் சேர்ந்தன. நம் நாடு அந்த வகைக் கேஸ் தயாரிப்பை 2008-ல் நிறுத்தியது. குடை மெல்ல மெல்ல ஆறி வருகிறது. கூடிப் பேசினால் உலகமே மாறும் என்பதற்கு இது சாட்சி.

ஆனால் பதிலுக்கு வந்த புதுக் கேஸ்கள் ஓசோனைக் கெடுக்கவில்லை, பூமியைச் சூடாக்கின. ஒரு ஓட்டையை அடைத்தோம், இன்னொன்று திறந்தது. எனவே 2016-ல் ஆப்பிரிக்காவில் ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் மறுபடியும் கூடினார்கள். இந்தக் கேஸ்களையும் படிப்படியாகக் குறைப்பது என்று முடிவு செய்தார்கள். இந்தியா 2021-ல் இதற்கு ஒப்புதல் கொடுத்தது. நம் நாட்டுக்கு உள்ள படிகள் இவை:

2028-ல், இதற்கு மேல் கூட்டக் கூடாது.
2032-ல் 100-க்கு 10 குறைக்க வேண்டும்.
2037-ல் 100-க்கு 20.
2042-ல் 100-க்கு 30.
2047-ல் 100-க்கு 85.

2047-ல் நம் பிள்ளைகள் கடை நடத்துவார்கள். அப்போது இன்றைய கேஸ் அநேகமாக இருக்காது.

வேறு நாடுகளும் விதிகளை மாற்றுகின்றன. பிரிட்டனில் குளிர் லாரியின் தனி எஞ்சினுக்கு வரி குறைந்த டீசல் கொடுத்து வந்தார்கள். அந்தச் சலுகையை 2022 ஏப்ரலில் நிறுத்தினார்கள். டீசல் விலை ஏறியதும், மாற்று வழியைத் தேட வேண்டி வந்தது. சலுகை கொடுத்தும் அரசு ஒரு வழியை வளர்க்கலாம். சலுகையை எடுத்தும் ஒரு வழியை அடைக்கலாம்.

மாற்று வழிகள் என்ன?

முதல் வழி, கேஸை மாற்றுவது. புரோப்பேன் வாயுவைப் போடலாம். அது பூமியைச் சூடாக்குவது மிகக் குறைவு. ஆனால் தீப்பிடிக்கும். எனவே பயிற்சி பெற்ற கைதான் அதைத் தொட வேண்டும். ஐஸ் தொழிற்சாலைகளில் அம்மோனியா ஓடுகிறது. அது பூமியைச் சூடாக்குவதே இல்லை. ஆனால் கசிந்தால் கண்ணும் மூச்சும் எரியும். எந்த வழியிலும் கவனம் வேண்டும்.

இரண்டாவது வழி, குளிரை முன்கூட்டியே சேமிப்பது. தகடு போன்ற பெட்டிக்குள் உப்புக் கரைசலை அடைத்து, ராத்திரி மின்சாரத்தில் உறைய வைப்பார்கள். பகலில் வண்டிக்குள் அந்தத் தகடு குளிரைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். தனி எஞ்சின் வேண்டாம். ஐஸ்கிரீம் வண்டிகளில் இந்த முறை வெகு காலமாக உண்டு. போலியோ சொட்டு மருந்து கொண்டுவரும் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே உறைய வைத்த நான்கு ஐஸ் பாக்கெட்டுகள் இருக்கும். அந்தப் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாக நடந்துதான் போலியோவை விரட்டினோம். 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது.

மூன்றாவது வழி, மின்சார வண்டி. நம் பக்கத்து நெய்யாற்றின்கரையில் உள்ள அரசு ஆட்டோ நிறுவனம் 2019-ல் 'நீம் ஜி' என்ற மின்சார ஆட்டோவை வெளியிட்டது. மின்சார வண்டி புகை விடாது. ஆனால் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நிலக்கரியில் வந்தால் புகை வேறு இடத்தில் போகிறது. காற்றில் வந்தால் புகை இல்லை. நாகர்கோவில் பக்கம் ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். தோவாளைப் பூ அந்தக் காற்றாலைகளின் அருகில்தான் விற்பனைக்கு வருகிறது. அந்தக் காற்றின் மின்சாரத்திலேயே அந்தப் பூவும் நம் ஊருக்கு வந்தால் எவ்வளவு நல்லது!

நான்காவது வழி, மூடிக் காப்பது. பால் லாரியைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் குளிர் இயந்திரமே கிடையாது. பாலை முதலிலேயே 4 டிகிரிக்குக் குளிர வைத்துவிடுவார்கள். லாரியின் தொட்டி பிளாஸ்க் மாதிரி இரட்டைச் சுவர் கொண்டது. குளிர் வெளியே போகாது. அமெரிக்க ஐஸ் கப்பலின் பாடம்தான் இது.

நம் அரசு என்ன செய்தது?

2015-ல் தேசியக் குளிர்த்தொடர் மேம்பாட்டு மையம் ஒரு கணக்கு எடுத்தது. நாட்டுக்குச் சுமார் 62,000 குளிர் வண்டிகள் தேவை. இருந்தவை 10,000-க்கும் குறைவு. தோட்டத்துப் பக்கத்திலேயே காயைக் குளிர வைத்துக் கட்டும் கூடங்கள் சுமார் 70,000 தேவை. இருந்தவை வெறும் 249. வண்டியை விடக் கூடம்தான் பெரிய குறை. சூடான தக்காளியைக் குளிர் வண்டியில் ஏற்றினால், வண்டி பாதி வழி வரை அதைக் குளிர வைக்கவே பாடுபடும்.

2019 மார்ச்சில் மத்திய அரசு, இந்தியக் குளிர்விப்புச் செயல் திட்டத்தை வெளியிட்டது. 2037-38-க்குள் குளிர்விக்கச் செலவாகும் சக்தியை 100-க்கு 25 முதல் 40 வரை குறைப்பது அதன் குறிக்கோள்களில் ஒன்று. ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுப்பதும் அதில் உண்டு. நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய வரி இது.

2024-ல் பி.எம். இ-டிரைவ் என்ற திட்டம் வந்தது. மின்சார வண்டிகளுக்கு மொத்தம் 10,900 கோடி ரூபாய். அதில் மின்சார லாரிகளுக்கு 500 கோடி. ஒரு லாரிக்கு அதிக அளவாக 9 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை என்று 2025-ல் அறிவித்தார்கள். இது 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு.

காய்கறி, பழம் ஏற்றும் குளிர் வண்டிக்கு, தோட்டக்கலைத் திட்டத்தில் 100-க்கு 35 மானியம் உண்டு. குளிர்க் கூடம் போன்றவற்றுக்குக் கடன் வாங்கினால் 100-க்கு 3 வட்டித் தள்ளுபடி தரும் நிதி 2020-ல் வந்தது.

மீனுக்கு, பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020-ல் தொடங்கியது. ஐந்து ஆண்டுத் திட்டமாக வந்து, 2025-26 வரை நீண்டது. அதில் பெரிய வண்டி மட்டும் இல்லை. ஐஸ் பெட்டி வைத்த மோட்டார் சைக்கிளும் உண்டு. ஐஸ் பெட்டி வைத்த சைக்கிளும் உண்டு. பொதுப் பிரிவினருக்கு 100-க்கு 40 மானியம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 100-க்கு 60.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எல்லோரும் சிலேட்டை எடுங்கள். மத்ஸ்ய சம்பதா திட்டம் வந்தபோது வைத்த விலை இது. ஒரு பெண் வாங்கினால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

ஐஸ் பெட்டி சைக்கிள்: 10,000 ரூபாய். மானியம் 6,000. கையிலிருந்து 4,000.

ஐஸ் பெட்டி மோட்டார் சைக்கிள்: 75,000 ரூபாய். மானியம் 45,000. கையிலிருந்து 30,000.

ஐஸ் பெட்டி வைத்த மூன்று சக்கர வண்டி: 3 லட்சம். மானியம் 1 லட்சத்து 80 ஆயிரம். கையிலிருந்து 1 லட்சத்து 20 ஆயிரம்.

குளிர் இயந்திர வண்டி: 25 லட்சம். மானியம் 15 லட்சம். கையிலிருந்து 10 லட்சம்.

இப்போது இந்தக் கணக்கை உற்றுப் பாருங்கள். ஒரே சதவீதம்தான். ஆனால் 10 லட்சம் வைத்திருப்பவருக்கு அரசின் 15 லட்சம் போகிறது. 4,000 வைத்திருப்பவருக்கு 6,000 போகிறது. ஒன்றுமே இல்லாதவருக்கு ஒன்றும் போகாது. 100-க்கு 60 என்ற எண் எல்லோருக்கும் சமமாகத் தெரிகிறது. கையில் இருக்கும் பணம் சமம் இல்லை.

முன் வரிசை அக்கா கேட்கிறார்: "நான் காய்க் கூடைக்காரி. எனக்கு இதில் என்ன உண்டு?" சரியான கேள்வி. மீன் விற்பவருக்குச் சைக்கிளும் பெட்டியும் எழுதியிருக்கிறார்கள். காய்கறிக்கான குளிர் வண்டி மானியமோ, டன் கணக்கில் ஏற்றும் வண்டியை நினைத்து எழுதியது. தெருவில் விற்பவர்களுக்கு பி.எம். ஸ்வநிதி என்ற கடன் 2020-ல் வந்தது. முதல் கடன் 10,000 ரூபாய். 2025-ல் அதை 15,000 ஆக்கினார்கள். அதில் ஒரு நல்ல ஐஸ் பெட்டி வாங்கலாம். ஆனால் அது மானியம் இல்லை. கடன். திருப்பிக் கட்ட வேண்டும்.

பின்னால் இருக்கும் சுமட்டுக்கார அண்ணன் கேட்கிறார்: "வண்டி எல்லாம் மாறினால் எங்கள் வேலை போகுமா?" இதையும் மறைக்காமல் பேச வேண்டும். பெரிய குளிர் வண்டிகள் பெரிய கடைகளின் கிடங்குக்கு நேராகப் போனால், சாலைக்கு வரும் சரக்கு குறையலாம். குளிர் வண்டியை அதிக நேரம் திறந்து வைக்க முடியாது. சீக்கிரம் இறக்க வேண்டும். அதற்குப் பழகிய ஆள் வேண்டும். ஆகையால் மாற்றம் சந்தையைச் சுற்றி வளைத்துப் போகாமல், சந்தைக்குள் வர வேண்டும். சாலை போன்ற சந்தையிலேயே பொதுக் குளிர் அறையும் மின்சாரம் ஏற்றும் இடமும் வந்தால், கூடைக்காரரும் சுமட்டுக்காரரும் பிழைப்பார்கள். இதை நாம்தான் கேட்க வேண்டும்.

கேட்டால் கிடைக்குமா? 2021-ல் இதே திருவனந்தபுரத்தில் மீன் விற்கும் பெண்களுக்காகச் 'சமுத்ரா' என்ற இலவச பஸ் தொடங்கினார்கள். மீன் கூடையோடு சாதாரண பஸ்ஸில் ஏற முடியாமல் அவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். கூடை வைக்கவும் அதில் இடம் செய்தார்கள். கூடையையும் திட்டத்தில் எழுத முடியும் என்பதற்கு இது அடையாளம்.

குளிர் இல்லாவிட்டால் என்ன நடக்கும்?

குளிருக்குக் காசு செலவிட மனமில்லாத சிலர் குறுக்கு வழி தேடுகிறார்கள். 2018-ல் அமரவிளை, ஆரியங்காவு செக்போஸ்டுகளில் மீன் லாரிகளைப் பிடித்தார்கள். மீனில் பார்மலின் கலந்திருந்தது. பிணத்தைக் கெடாமல் வைக்கப் பயன்படும் மருந்து அது. கொச்சியில் உள்ள மத்திய மீன் தொழில்நுட்ப நிறுவனம், பார்மலினைக் கண்டுபிடிக்க எளிய சோதனைத் தாளை உருவாக்கியது. ஐஸ் மலிவாகக் கிடைத்தால் விஷத்துக்கு வேலை இருக்காது.

நாம் இன்றே செய்யக்கூடியவை

அரசு செய்யட்டும். நாமும் செய்வோம். இவற்றுக்குப் பெரிய பணம் வேண்டாம்.

மீனும் ஐஸும் சம எடை இருக்க வேண்டும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். அடியில் ஐஸ், நடுவில் மீன், மேலே ஐஸ்.

உருகிய தண்ணீர் வடிய வழி வேண்டும். அழுக்குத் தண்ணீரில் மீன் ஊறக் கூடாது.

பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள். மேலே ஈரச் சாக்குப் போடுங்கள்.

காயைச் சாக்கில் திணிக்காதீர்கள். காற்றுப் போகும் பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கச் சொல்லுங்கள்.

குளிர் வண்டியில் சரக்கு இறக்கும்போது எல்லாவற்றையும் தயாராக வைத்த பிறகு கதவைத் திறக்கச் சொல்லுங்கள். வாசலில் பிளாஸ்டிக் திரை தொங்கினால் குளிர் அதிகம் தப்பாது.

மெக்கானிக் பழைய கேஸை வெளியே திறந்து விட்டால் தடுங்கள். அதைச் சிலிண்டரில் பிடிக்கச் சொல்லுங்கள். 1,500 லிட்டர் டீசல் கணக்கை அவருக்கும் சொல்லுங்கள்.

இன்னொன்று. தனி ஆளாகப் போனால் 30,000 ரூபாய் மலை மாதிரி. பத்துப் பேர் குடும்பஸ்ரீ குழுவாகச் சேர்ந்தால் ஆளுக்கு 3,000. மீனுக்கு மத்ஸ்ய பவனுக்குப் போங்கள். காய்கறிக்குக் கிருஷி பவனுக்குப் போங்கள். இந்த ஆண்டு என்ன திட்டம் இருக்கிறது, கடைசித் தேதி என்ன, மானியம் முதலிலா பிறகா என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்தவர்கள் தமிழில் மனு எழுதுங்கள். மலையாளத்தில் எழுத உதவி வேண்டுமானால் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து எழுதுவோம்.

சட்டம் தில்லியில் எழுதப்படுகிறது. ஒப்பந்தம் கிகாலியில் எழுதப்படுகிறது. அந்த எழுத்து சாலையில் நம் கூடைக்கு வந்து சேரும். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆகிவிட்டோம். இனிமேல் அதற்குப் பதில் எழுதவும் தொடங்குவோம்.

படிப்போம்! கணக்குப் போடுவோம்! கூடிக் கேட்போம்!



சொல்லும் பொருளும்

மானியம்: அரசு திருப்பிக் கேட்காமல் தரும் உதவிப் பணம்.
கடன்: வாங்கினால் திருப்பிக் கட்ட வேண்டிய பணம்.
கரியமில வாயு: டீசல், விறகு, நிலக்கரி எரியும்போது வரும் வாயு. பூமியைச் சூடாக்குகிறது.
குளிர்த்தொடர்: தோட்டத்திலிருந்தும் படகிலிருந்தும் நம் கைக்கு வரும் வரை பொருளைக் குளிரிலேயே கொண்டுவருவது.

பேசிப் பாருங்கள்

1. நீங்கள் விற்கும் அல்லது சுமக்கும் பொருளில் வாரத்துக்கு எவ்வளவு வீணாகிறது? ஒரு வாரம் எழுதி வையுங்கள்.
2. சாலையில் ஒரு பொதுக் குளிர் அறை வந்தால் அதை யார் நடத்த வேண்டும்? வாடகை எவ்வளவு இருக்கலாம்?
3. பொதுப் பிரிவு ஆண் ஒருவர் 75,000 ரூபாய் வண்டி வாங்கினால், 100-க்கு 40 மானியம் போக, கையிலிருந்து எவ்வளவு போட வேண்டும்?
4. குளிர் அறை கேட்டு மாநகராட்சிக்கு ஐந்து வரியில் ஒரு மனு எழுதுங்கள்.